பையனுக்குப் பழைய பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலை பல ஆண்டுகளாக என் மேசைக்குத்தான் வருகிறது. பிறப்புப் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பெயர்களில் ஒரு பித்து. பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்களும் என்னிடமே வந்து கேட்கிறார்கள். ஆடம்பரம் இல்லாத, பழைய பெயர் வேண்டும் என்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை அவர்கள் வாய்ப்பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். பெண் குழந்தைப் பெயர்களின் சங்கதி வேறு, அதைத் தொடவில்லை.

டீச்சர், பழைய பேருன்னா எது? பாட்டி சொல்றது எல்லாமே பழசாத்தான் இருக்கு.

உங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒருவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நம்ப முடிந்தால் அது பழைய பெயர். எனக்கு இந்த அளவுகோல் போதும். முருகன் பெயர்களே நம்மிடம் அதிகம்: வேலு, தங்கவேலு, வடிவேலு, ஆறுமுகம், கந்தன், குமரன், சரவணன். பெருமாள் பக்கம் கோவிந்தன், ரெங்கன், நாராயணன். சாமி பெயர் வேண்டாம் என்றால் செல்வம், முத்து, மாணிக்கம், பொன்னையா. இவை எதற்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எளிய பெயர் என்று நான் சொல்வது அதைத்தான்.

இன்னொரு வகையை மட்டும் மறந்துவிடாதீர்கள்: ஊரைச் சொல்லும் பெயர்கள். பழனி, சிதம்பரம், அண்ணாமலை, வைத்திலிங்கம், நாகூரான். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை 1873இல் தொடங்கிய தம்புசாமி பிள்ளையின் தந்தை பெயர் காயாரோகணம். அந்தப் பெயரில் சிவன் கோயில் இருப்பது நாகப்பட்டினத்தில். கப்பலேறி வந்த தாத்தாவின் ஊர் எது என்று தெரியாமல் தவிக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. அந்தத் தாத்தாவின் பெயரிலோ அவருடைய அப்பா பெயரிலோ சில சமயம் ஊர் ஒளிந்திருக்கும். பெயர் தேடும் சாக்கில் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

எத்தனை நாளுக்குள்ள பதியணும்? முப்பது கழிச்சுத்தான் பேரு வைக்கிற வழக்கம் எங்க வீட்ல.

தீபகற்ப மலேசியாவில் பிறந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் பதிவிலாகாவில் பதிய வேண்டும். ஆகவே முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து, தலைமுடி எடுத்து, பெயர் சூட்டிவிட்டுப் போனாலும் நேரம் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே ஓடி, யோசிக்காமல் ஒன்றை எழுதிவிட்டு வருகிறவர்களைத்தான் பிறகு நான் வருத்தத்தோடு பார்க்கிறேன்.

ஒன்று கவனியுங்கள். பத்திரத்தில் பெயர் ரூமி எழுத்தில், அதாவது ஏ, பி, சி எழுத்தில் மட்டும்தான் இருக்கும், தமிழில் இருக்காது. பத்திரத்தோடு வரும் மைகிட் என்ற குழந்தை அட்டையிலும், பன்னிரண்டு வயதில் எடுக்கும் ஐசி என்ற அடையாள அட்டையிலும் அதே ரூமி எழுத்துதான் தொடரும். அதனால் தமிழில் எப்படி எழுதுவது என்பதை நீங்களே முடிவு செய்து எங்காவது எழுதி வையுங்கள். அப்பா 'சரவணன்' என்றும் அம்மா 'ஷரவணன்' என்றும் எழுதிய சேர்க்கைப் பாரம் ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது, இரண்டும் ஒரே பக்கத்தில்.

பையன் ஆயில்யம். ஐயர் டி, டு, டே, டோவுல பேரு வைக்கச் சொல்றாரு. அந்த எழுத்துல பழைய பேரே கிடைக்கல.

கிடைக்காது. தமிழ்ச் சொல் எதுவும் ட-வில் தொடங்குவதில்லை. ர, ல இரண்டுக்கும் அதே கதைதான். பஞ்சாங்கத்தில் உள்ள நட்சத்திர எழுத்துகள் வடமொழி ஒலிகளை வைத்துப் போட்டவை. பரணிக்கு லி, லு, லே, லோ. சுவாதிக்கு ரு, ரே, ரோ, த. அந்த எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் லோகேஷ், ரித்தீஷ் என்றுதான் போய் நிற்பீர்கள். அந்தப் பெயர்களில் குறையில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அதை அல்ல.

வழி இருக்கிறது. ர, ல-வுக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்ப்பது தமிழின் பழைய பழக்கம்: இராமன், இலக்குவன், அரங்கன், உலகநாதன். ஆயில்யத்துக்கு அதுவும் உதவாது என்பதால், நட்சத்திரப் பெயர் ஒன்றைப் பெயர் சூட்டும் நாளில் காதில் ஓதிவிட்டு, பத்திரத்தில் உங்களுக்குப் பிடித்ததை எழுதுங்கள். இது புதிதாக நான் கண்டுபிடித்தது இல்லை, எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். அர்ச்சனைச் சீட்டில் பெயர், ராசி, நட்சத்திரம் மூன்றையும் கேட்கிறார்கள். பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் ஆயில்யம் ஆயில்யம்தான். தோட்டத்தில் (எஸ்டேட்டில்) பிறந்த உங்கள் தாத்தாவுக்கு நட்சத்திர எழுத்துப்படியா பெயர் வைத்தார்கள் என்றும் வீட்டில் கேளுங்கள்.

மூத்த பையனுக்கு அப்பாவழித் தாத்தா பேருதான் வைக்கணும்ங்கிறாங்க. தாத்தா இன்னும் உயிரோட இருக்காரு. வைக்கலாமா?

வைக்கலாம். மூத்தவனுக்கு அப்பாவின் அப்பா, இளையவனுக்கு அம்மாவின் அப்பா என்பது பல குடும்பங்களில் எழுதாத சட்டம். நகரத்தார் வீடுகளில் இன்னும் கறாராக இருக்கும். அதனால்தான் கோலாலம்பூர் லெபோ அம்பாங் தெருவிலும் பினாங்கிலும் பழனியப்பன், மெய்யப்பன், வைரவன் என்ற பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வந்தன. தாத்தா இருக்கும்போதே வைப்பதைச் சில வீடுகளில் மங்கலமாக எடுத்துக்கொள்வார்கள், சில வீடுகளில் ஆகாது என்பார்கள். பெரியவர் பக்கத்து அறையில்தானே இருக்கிறார்? அவரிடமே கேட்டுவிடலாம். பெரும்பாலும் சந்தோஷப்படுவார்.

சிக்கல் வேறு இடத்தில். அண்ணன், தம்பி மூன்று பேருக்கும் மூத்தது பையன் என்றால் ஒரே வீட்டில் மூன்று ஆறுமுகம். யார் முதலில் வைத்தார்களோ அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள், அல்லது பெயரின் ஒரு பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கவேலுவின் பேரன் வேலனாக இருக்கலாம், கோவிந்தசாமியின் பேரன் கோவிந்தனாக இருக்கலாம்.

அது சரி, மாமனார் பேரைச் சொல்லி நான் எப்படிப் பிள்ளையத் திட்டுறது?

இதைக் கேட்காத மருமகளே இல்லை! அந்தக் காலத்தில் மாமனார் பெயர் கொண்ட மகனை அம்மா பெயர் சொல்லியே கூப்பிட மாட்டாள். ஐயா, தம்பி, பெரியவரே என்பாள். அதனால்தான் நம் வீடுகளில் தம்பி என்றே கிழவராகிவிட்ட மூத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களுக்கும் வாய் வரவில்லை என்றால் வீட்டுப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிக் கேள்வியின் பதிலையும் படித்துவிடுங்கள்.

முனியாண்டி, கருப்பையான்னு வச்சா ஸ்கூல்ல கிண்டல் பண்ணிச் சாகடிச்சிருவாங்களே?

இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். முனியாண்டி காவல் தெய்வத்தின் பெயர். ஐயனார், வீரன், சங்கிலி எல்லாம் அப்படித்தான். தோட்டப்புறத்தில் இந்தச் சாமிகளுக்குக் கோயில் இல்லாத லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) குறைவு. கிண்டல் வந்தால் அது நம் பிள்ளைகளிடமிருந்துதான் வரும், மலாய், சீனப் பிள்ளைகளுக்கு முனியாண்டியும் தர்ஷனும் ஒன்றுதான். எந்தப் பெயருக்கும் முதல் வாரம் சிரிப்பார்கள். பிறகு அவன் காற்பந்து நன்றாக ஆடுகிறானா என்றுதான் பார்ப்பார்கள். மலேசியக் காற்பந்துக் குழுவின் கோல் காவலர் ஆறுமுகத்தை நாடே 'ஸ்பைடர்மேன்' என்று கொண்டாடியது. ஆறுமுகம் பட்டிக்காட்டுப் பெயராயிற்றே என்று யாரும் முகம் சுளித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கருப்பையா, கருப்பசாமி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. 2006இல் பதிவிலாகா, பிள்ளைகளுக்கு வைக்கத் தகாத பெயர்கள் என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. விலங்கு, பழம், நிறம், எண், அரச மற்றும் கௌரவப் பட்டம் இவற்றைக் குறிக்கும் பெயர்களைத் தவிர்க்கச் சொன்னார்கள். நமக்குக் கருப்பன் சாமி, அவர்களுக்கு அது நிறம். பதிவிலாகா முகப்பில் (கவுண்ட்டரில்) பேசிப் புரியவைக்கலாம்தான். ஆனால் நம்மவர்களே தோலின் நிறத்தை வைத்துப் பேசுகிற ஊரில், அந்தச் சுமையை ஆறு வயதுப் பையனின் தலையில் ஏற்றத்தான் வேண்டுமா என்பது என் தயக்கம். குலதெய்வம் கருப்பர் என்றால் காதில் ஓதும் பெயராக வைத்துக்கொள்ளுங்கள்.

மலாயில வேற அர்த்தம் வர்ற பேரு எதெல்லாம்?

நான் எச்சரிக்கிற பெயர்கள் சில உண்டு. மதி என்பதை மலாய்க்கார ஆசிரியர் வாசித்தால் 'மாத்தி' என்று, இறப்பைக் குறிக்கும் சொல்லாக விழும். பாரி வள்ளலின் பெயர். இங்கே ஈக்கான் பாக்கார் (சுட்ட மீன்) கடையில் திருக்கை மீனுக்கும் அதுதான் பெயர். பாலா என்றால் மலாயில் பேரிடர். மணி என்பது விந்து. இடைநிலைப் பள்ளி அறிவியல் பாடத்தில் அந்த அதிகாரம் வரும்போது மணி என்ற பையன் படும் பாடு எனக்குத் தெரியும்.

இதற்காக இந்தப் பெயர்களையே கைவிடச் சொல்ல மாட்டேன். மணிகளும் பாலாக்களும் இந்த நாட்டில் நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறார்கள். தனியாக நிறுத்தாமல் நீட்டிவிட்டால் பாதி பிரச்சினை தீரும்: மதியழகன், மணிமாறன், பாலமுருகன், பாரிவேந்தன். மற்றபடி வேலன், குமரன், நம்பி, மாறன், செல்வன் போன்ற பெயர்கள் எந்த இனத்தார் வாயிலும் சிதையாமல் வருகின்றன. ஆலோசனை கேட்டால் முதலில் இவற்றைத்தான் சொல்வேன்.

ராஜான்னு வைக்கலாமா?

தனியாக வேண்டாம். இங்கே அது அரச குடும்பத்தாரின் பெயருக்கு முன்னால் வரும் பட்டம், மேலே சொன்ன 2006 வழிகாட்டியிலும் பட்டங்கள் உண்டு. ராஜகோபால், ராஜேந்திரன், நடராஜன் என்று ஒரே சொல்லாக, நடுவில் இடைவெளி விடாமல் எழுதினால் குழப்பம் இல்லை.

ஸ்பெல்லிங் எப்படிப் போடறது? நியூமராலஜி பாக்கறவரு ஒரு எச்சும் ரெண்டு ஏவும் சேக்கச் சொல்றாரு.

மலேசியாவில் நம் பெயர்களுக்கு ஒரு தனி எழுத்து வழக்கம் உண்டு. அந்தக் காலக் கிராணிமார் (எழுத்தர்கள்) காதில் விழுந்ததை எழுதி வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் 'லக்ஷ்' என்று தொடங்கும் பெயர் இங்கே ஐசியில் 'லெட்சு' என்று ஒலிக்கும்படி இருக்கும். சுப்ரமணியம் இங்கே பெரும்பாலும் எம்-மில் முடியும், அங்கே பலருக்கு என்-னில். தாத்தா பெயரை வைக்கிறீர்கள் என்றால் தாத்தாவின் ஐசியில் உள்ளபடியே எழுதுங்கள். பையன் பெரியவனானதும் அந்த எழுத்தைப் பார்த்தாலே இவன் இந்த மண்ணுக்காரன் என்று தெரியும்.

ழகரத்துக்கு இசட்-எச் போடுவது இங்கே வேலைக்கு ஆகாது. எழிலனையும் புகழேந்தியையும் கிளினிக்கில் 'எஸ்' ஒலி வைத்துத்தான் கூப்பிடுவார்கள். எல் போடுங்கள். பாதியாவது தேறும். தமிழில் ழ இருக்கட்டும், அதற்குத்தான் முதலிலேயே தமிழில் எழுதி வைக்கச் சொன்னேன்.

எண்கணிதத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால், இயல்பான இரண்டு எழுத்துமுறைகளில் எது கூட்டுத்தொகைக்கு ஒத்து வருகிறது என்று பாருங்கள், அதோடு நிறுத்துங்கள். மூன்று ஏ போட்ட குமரன், எஸ்பிஎம் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கடப்பிதழ் என்று ஒவ்வொரு முகப்பிலும் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லியே காலத்தைக் கழிப்பான். ஓர் இடத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனால், இரண்டும் நான்தான் என்று சத்தியப்பிரமாணம் எடுக்க வேண்டி வரும்.

சுத்தத் தமிழ்ப் பேருதான் வேணும்னு வீட்டுக்காரர் நிக்கிறாரு. அத்தை சுப்ரமணியம்கிறாங்க. எது பாரம்பரியம்?

இரண்டும்தான், வேறு வேறு காலத்துப் பாரம்பரியம். சுப்பிரமணியம் வடமொழிதான், ஆனால் சுப்பன், சுப்பையா, மணியம் என்று நம் நாக்கு அதைத் தேய்த்துத் தனதாக்கிக்கொண்டது. சுவாமி வேதாசலம் தன் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்ட தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது 1916இல். பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்தார். அந்த அலையில்தான் இங்கே இளங்கோ, அறிவழகன், தமிழ்ச்செல்வன், நெடுஞ்செழியன் பிறந்தார்கள். புரட்சிப் பெயர்களாக வந்த அவையே இன்றைக்குத் தாத்தா பெயர்கள். எனவே வீட்டுக்காரரும் பழைய பெயரைத்தான் கேட்கிறார்.

சண்டை தீர வேண்டுமானால் இரண்டு தரப்பும் மறுக்க முடியாத பெயர்கள் இருக்கின்றன. வேலன், முருகன், சேந்தன் எல்லாம் சாமி பெயர், நல்ல தமிழும் கூட. சம்பந்தன் இன்னொன்று. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முதன்மைச் சாலைக்கு அந்தப் பெயரைத் தந்த துன் சம்பந்தனின் முழுப்பெயர் திருஞானசம்பந்தன். தேவாரம் பாடியவரின் பெயர், நாட்டின் சுதந்திரத்துக்கு உழைத்தவரின் பெயர், ஆனாலும் இப்போது முதலாம் ஆண்டில் ஒரு சம்பந்தனைக்கூட நான் பார்ப்பதில்லை.

நாங்க பினாங்கு, கத்தோலிக்கங்க. பழைய பேருன்னா எங்களுக்கு என்னா இருக்கு? எல்லாம் கெல்வின், ஜேடன்னு போகுது.

உங்களிடம் இருப்பது பெரிய புதையல். அருளப்பன் என்றால் யோவான், சூசை என்றால் யோசேப்பு, ராயப்பன் பேதுரு, சின்னப்பன் பவுல், சவரிமுத்து சவேரியார். ஞானப்பிரகாசம், அந்தோணிசாமி வேறு. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவில் வயதானவர்களிடம் பெயர் கேட்டுக்கொண்டே நடந்தால் ஒரு பட்டியலே தேறும். ஞானஸ்நானப் பெயராக ஜோசப்பும் பத்திரத்தில் சூசையும் இருந்தால் இரண்டு பேரும் ஒருவரேதான், முரண் எதுவும் இல்லை.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலிருந்தும் கேட்கிறார்கள். நாகூர் மீரான், சாகுல் ஹமீது, சீனி, மைதீன், காதர் என்ற பெயர்கள் பினாங்கில் சூலியா தெரு நாகூர் தர்கா காலத்திலிருந்து புழங்குபவை. இன்னாரின் மகன் என்று சொல்ல அவர்கள் பெயரில் ஏ/எல் வராது, 'பின்' என்ற சொல் வரும்.

ஏ/எல் கட்டாயமா? டிக்கெட் போடும்போது அந்தக் கோடு தொல்லையா இருக்கு.

'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கம் அது, இன்னாரின் மகன் என்று சொல்கிறது. நம்மில் பெரும்பாலோர் பத்திரத்தில் இருக்கிறது, இல்லாதவர்களும் உண்டு. விமான டிக்கெட் பக்கங்கள் சாய்கோட்டை ஏற்காது, கோட்டை விட்டுவிட்டு இரண்டு எழுத்தை மட்டும் போடுவது வழக்கம். வெளிநாட்டுக்குப் போனால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, உங்கள் மகனை 'மிஸ்டர் முனியாண்டி' என்று உங்கள் பெயரால் கூப்பிடுவார்கள். அதனால் பையனின் பெயரையும் உங்கள் பெயரையும் சேர்த்து ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பெயர் நீளம் என்றால் அவன் பெயர் குட்டையாக இருக்கட்டும்.

நாங்க கோயில்ல தாலி கட்டினதோட சரி, ரெஜிஸ்டர் பண்ணல. பையன் பேருல அப்பா பேரு வருமா?

இது எளிய கேள்வி இல்லை. 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டத்தின்படி கோயில் கல்யாணத்தையும் பதிய வேண்டும். பதியாவிட்டால் பதிவிலாகா உங்களைக் கணவன், மனைவி என்று எடுத்துக்கொள்ளாது. அப்போது அப்பா பெயர் தானாகப் பத்திரத்தில் ஏறாது. தாயும் தந்தையும் இருவரும் சேர்ந்து கேட்டு, அவர் தந்தை என்று ஒப்புக்கொண்டால்தான் எழுதுவார்கள். ஆகவே அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாய் வேற்று நாட்டவராக இருந்தால் பிள்ளையின் குடியுரிமையே சிக்கலாகும்.

பிள்ளை இன்னும் பிறக்கவில்லையா? எந்தப் பெயர் என்ற பேச்சை ஒத்திவைத்துவிட்டு முதலில் திருமணத்தைப் பதியுங்கள். பல கோயில்களில் திருமணத் துணைப் பதிவாளர் இருக்கிறார், அங்கேயே விசாரிக்கலாம்.

பேரு பதிஞ்சாச்சு டீச்சர். ஆனா வீட்ல ஒருத்தரும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடறதில்ல. மாத்திடலாமா?

எழுத்துப் பிழை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைத் தாளோடு பதிவிலாகாவுக்குப் போய்விடுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஓர் எழுத்து விடாமல் சரிபார்த்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. மற்றபடி, மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற வேண்டாம். அவன் பெரியவனாகித் தனக்கே பிடிக்காவிட்டால் சத்தியப்பிரமாணத்தோடு விண்ணப்பித்து அவனே மாற்றிக்கொள்ளட்டும்.

வீட்டில் அப்பு, குட்டி, பாய் (ஆங்கில 'boy'தான்), தம்பி என்று யார் எப்படிக் கூப்பிட்டாலும், நீங்கள் இருவராவது பத்திரப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஜனவரியோ மார்ச்சோ, பள்ளி திறக்கிற ஒவ்வொரு முதல் நாளும் வகுப்பில் வடிவேலன் என்று கூப்பிட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகு பக்கத்துப் பையன், 'டீச்சர், இவன்தான், ஆனா இவன் பேரு பாய்' என்பான்.